ஆயாக் கொட்டகையும் டின்பாலும்

மலாக்காவின் ரப்பர் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1896 ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லியின் இடைவிடாத வற்புறுத்தலுக்குச் செவிசாய்த்து, தான் சாய் யான் என்னும் மலாக்காச் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கர் நிலத்தில் கித்தா மரக் கன்றுகளை நட்டது அவ்வாண்டில்தான். மலாயாவில் வாணிக நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அதனைத் தொடர்ந்து புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர்க் காடு அழிந்து தோட்டமாயிற்று. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் வட்டாரங்களிலும் தோட்டங்கள் பெருகின. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு எனப் பல மாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் மக்கள் அவற்றின் லயங்களில் குடியமர்ந்தனர். பங்கு விலை, ஏற்றுமதி அளவு, துரைமார் பெயர் ஆகிய யாவும் ஏடுகளில் இடம்பெற்றுள்ளன. அந்த லயங்களில் பிறந்த பிள்ளைகள் எதனைப் பருகி வளர்ந்தன என்னும் செய்தி மட்டும் வரலாறு எனக் கருதப்படுவதில்லை.

அச்செய்தியை இன்று தேடுவதற்குத் தக்க காரணம் உண்டு. மலேசிய நலத்துறை 2019 ஆம் ஆண்டில் நடத்திய தேசிய நல ஆய்வில், நாட்டின் வயதுவந்தோருள் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர் எனத் தெரியவந்தது. இந்தியரிடையே அவ்விகிதம் 63.9 விழுக்காடு. நீரிழிவிலும் இந்தியரே முன்னின்றனர். நாடு முழுவதற்கும் 18.3 விழுக்காடு என்றிருந்தபோது இந்தியருக்கு 31.4 விழுக்காடு. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளுள் பத்தில் மூவர் எடை மிகுந்தோர். இவ்வெண்களைக் கண்டவுடன், “இஃது இந்தியர் இரத்தத்தில் ஊறியது, என் செய்வது?” என்று பெருமூச்செறிந்து அமைவோர் படித்தவர்களிடையேயும் உளர். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர்க் குடியேற்றவாத ஆட்சியின் மருத்துவரும் ஏறத்தாழ இதையே வேறு சொற்களில் கூறினர். தமிழ்க் குழந்தைகள் மிகுதியாக இறந்தமைக்குத் தாயரின் அறியாமையையும் வழக்கங்களையும் அவர்கள் காரணம் காட்டினர். அன்று அறியாமை, இன்று இரத்தம். இரண்டு விடைகளும் தோட்டத்தின் நேரக் கணக்கைப் பார்க்க மறந்தவை. அக்கணக்கை முதலில் காண்போம்.

கித்தா மரம் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாகப் பால் சுரக்கும். வெயில் ஏறியதும் மரத்தின் உள்ளே நீரழுத்தம் குறைந்து சுரப்பும் குன்றும். ஆகவே இருள் பிரியுமுன் பெரட்டுக்கு ஆள் கூட வேண்டும். வெளிச்சம் வந்ததும் உளி பட்டையில் இறங்க வேண்டும். காலையில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி முடித்து, மங்கில் சேர்ந்த பாலை எடுத்து, வாளி சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும்போது நண்பகல் கடந்துவிடும். இவ்வேலையில் பெண்கள் ஆண்களுக்கு இணையாக ஈடுபட்டனர். கூலி மட்டும் இணையாக இல்லை. 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் வகுக்கப்பட்ட நிலையான நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளியல் மந்தத்தின்போது அதுவும் ஏறத்தாழப் பாதியாயிற்று. இந்திய அரசின் சார்பில் 1936 ஆம் ஆண்டு இறுதியில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியாரின் அறிக்கை வெளிவந்த பின்னரே பழைய கூலி மீண்டது. இருவர் கூலி சேர்ந்தால்தான் ஒரு குடும்பம் கடையில் கணக்கு முடிக்க இயலும் என்னும் நிலையில், பிள்ளை பெற்றவள் லயத்தில் தங்குவது என்பது பெருஞ்செலவு.

பிள்ளைகளுக்கெனத் தோட்ட நிருவாகம் செய்த ஏற்பாடே ஆயாக் கொட்டகை. முதிய பெண் ஒருத்தி, அல்லது மரம் சீவும் வலிமை குன்றிய ஒருத்தி, ஆயாவாக அமர்த்தப்படுவாள். வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள், தரையில் தவழும் பிள்ளைகள், ஓரத்தில் ஓர் அடுப்பு. தாயர் இருள் விலகுமுன் பிள்ளையைக் கொணர்ந்து விட்டுப் பெரட்டுக்கு ஓடுவர். அந்த ஆயாவைக் குறை கூற ஒன்றுமில்லை. ஒரு கையால் தொட்டிலை ஆட்டி, மறு கையால் மற்றொரு பிள்ளைக்குச் சோறூட்டி, பத்துப் பிள்ளைகளையோ அதற்கு மேலோ பார்த்துக்கொண்டவள் அவள். அவளால் தர இயலாதது ஒன்றே. அது தாய்ப்பால்.

தாய்ப்பாலுக்கு ஓர் இயல்பு உண்டு. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் அது ஊறும். மார்பில் பால் தேங்கி நின்றால், சுரப்பைக் குறைக்குமாறு உடலே தனக்குக் கட்டளையிட்டுக்கொள்ளும். விடியுமுன் கொடுத்து, பிறகு ஏழெட்டு மணி நேரம் கொடாதிருந்தால், சில வாரங்களில் பால் வற்றத் தொடங்குகிறது. “எனக்குப் பால் இல்லை” என்று ஒரு தாய் சொன்னபோது, பிறர் அதனை அவள் உடற்குறையாகக் கொண்டனர். அவளும் அவ்வாறே நம்பினாள். அவள் உடலில் குறை ஏதும் இல்லை. கித்தா மரத்தின் நேரமும் குழந்தையின் நேரமும் ஒன்றாக இருந்தன என்பதே குறை. அவற்றுள் எந்தப் பாலுக்கு முதலிடம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவளிடம் இல்லை.

1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் மகப்பேற்றை ஒட்டி முன்னும் பின்னும் ஒவ்வொரு மாத அளவுக்குப் பெண்ணுக்கு உதவித்தொகை வழங்கப் பணித்தது. அக்காலத்தில் அது சிறு பேறன்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நிறுவ வேண்டும் என்று விதித்ததும் அச்சட்டமே. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பிறப்பு அதனோடு பிணைந்தது. ஆயின் பிறந்து ஒரு மாதமேயான பிள்ளைக்கு இனி என்ன உணவு என்ற கேள்விக்கு அச்சட்டத்தில் விடை இல்லை. அவ்விடையைப் பல குடும்பங்களில் மூத்த மகளே சுமந்தாள். ஆயாக் கொட்டகை இல்லாத சிறு தோட்டங்களில், அல்லது பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நாள்களில், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்தில் நின்றவள் அவள். பள்ளி வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே இடப்பட்ட குறிகளும் இவ்வரலாற்றின் சான்றுகளே.

கடல் கடந்து வந்த பெண்கள் பாலூட்டும் அறிவின்றி வந்தவரல்லர். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் உண்டு. இடித்துக் கிளறிய காயம் உண்டு. பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுப்பர். பால் ஊறும் என்று சுறா மீனைப் புட்டாக்கி ஊட்டுவர். மலாக்கா கடலோர நகரமாதலால் சுறாவுக்குக் குறைவில்லை. குழந்தைக்கு மருந்தூட்டப் பாலாடையும் சங்கும் வீட்டுக்கு வீடு இருந்தன. குழந்தை மருத்துவத்திற்கெனப் ‘பாலவாகடம்’ என்ற நூல்வகையையே வளர்த்த மக்கள் அவர்கள். அதே வழக்கங்களில் பிழையும் இருந்தது என்பதை மறைத்தல் நன்றன்று. பிள்ளை பிறந்ததும் வரும் சீம்பாலைத் தீதென்று பீய்ச்சி எறிந்தனர். சேனை வைத்தல் என்று சர்க்கரை நீரை முதலில் நாவில் தொட்டு வைத்தனர். நோயை எதிர்க்கும் ஆற்றல் செறிந்த முதற்பால் வீணாயிற்று. ஆயினும் ஊரில் இப்பிழையைச் சரிக்கட்டப் பாட்டியும் அத்தையும் நாத்தனாரும் இருந்தனர். இரண்டு மூன்று ஆண்டுகள் வரை பாலூட்டுவது வழக்கமாக இருந்ததால் முதல் மூன்று நாள் இழப்பு ஓரளவு ஈடாயிற்று. கங்காணியின் பின்னே வந்தவருள் உழைக்கும் வயதினரே மிகுதி. மூதாட்டியர் ஊரிலேயே தங்கினர். பிழையான வழக்கம் கப்பலேறி வந்தது. அதனை ஈடுசெய்த உறவுச் சுற்றம் பெரும்பாலும் கரையிலேயே நின்றுவிட்டது. தாயின் உடலோ மலேரியாவாலும் கொக்கிப் புழுவாலும் சோகை பிடித்திருந்தது. கருவுற்ற காலத்தில் மலேரியா கண்டால் பிள்ளை எடை குறைந்தே பிறக்கும்.

இந்நிலையில்தான் கடை அலமாரியில் டின்பால் வந்து அமர்ந்தது.

பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்துத் தகரக் குவளையில் அடைக்கும் முறைக்கு அமெரிக்கரான கெயில் போர்டன் 1856 ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். பத்தாண்டுகளில் சுவிட்சர்லாந்தில் ஆங்கிலோ-சுவிஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அது 1905 ஆம் ஆண்டில் நெஸ்லே நிறுவனத்தோடு இணைந்தது. 1912 ஆம் ஆண்டில் ஆங்கிலோ-சுவிஸ் என்னும் பெயரிலேயே பினாங்கில் அலுவலகம் திறந்தது. மாடு வளர்ப்பு குறைந்த, வெப்பம் மிகுந்த மலாயாவில் கெடாத பால் என்பது பெரிய வசதி என்பதில் ஐயமில்லை. தேநீருக்கு அது நன்று. பச்சிளங் குழந்தைக்கு அன்று. குவளையிலுள்ளதில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. கொழுப்பெடுத்த பாலில் செய்த மலிவு வகைகளில் வைட்டமின் ஏ இராது. அதனை மட்டும் பருகி வளர்ந்த பிள்ளைகளுக்குக் கண் வறண்டு பார்வை போனதுண்டு. நீர் கலந்தால்தான் அதனைப் புகட்ட முடியும். அந்நீர் கிணற்றிலிருந்தோ ஆற்றிலிருந்தோ வந்தது. கூலி நாள் நெருங்க நெருங்கக் குவளையில் பால் குறையும், நீர் மிகும். பார்வைக்கு வெண்மை மாறாததால், பிள்ளை பட்டினி கிடப்பது தாய்க்கே தெரியாது. வயிற்றுப்போக்கு வந்த பின்னர்த் தெரிந்தது.

இதனை முதன்முதலில் உரத்த குரலில் கூறியவர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர். ஜமைக்காவில் 1893 ஆம் ஆண்டில் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில், அஃதாவது இன்றைய கானாவில், பணியாற்றியபோது, அடுத்த பிள்ளை பிறந்ததும் தாய்ப்பாலை இழந்த மூத்த பிள்ளைக்கு வரும் ஊட்டக்குறை நோயை ஆராய்ந்து, அம்மக்கள் வழங்கிய ‘குவாஷியோர்கர்’ என்ற பெயராலேயே உலகுக்கு அறிவித்தார். 1936 ஆம் ஆண்டில் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். மலாக்கா, சிங்கப்பூர், பினாங்கு ஆகியவை அப்போது நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் ஒரே ஆட்சியில் அடங்கியிருந்தன. ஆகவே சிங்கப்பூரில் அவர் கண்டது மலாக்காவுக்கு அயலான செய்தியன்று. பால் நிறுவனங்கள் அமர்த்திய பெண்கள் தாதியர் உடையணிந்து வீடு வீடாகச் சென்று, பால் நன்கு சுரக்கும் தாயரிடமே டின்பாலைப் பரிந்துரைத்ததை அவர் கண்டார். 1939 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் உரையாற்ற அழைக்கப்பட்டபோது, தம் உரைக்கு அவர் இட்ட தலைப்பு ‘பாலும் கொலையும்’. குழந்தை உணவு பற்றிய தவறான பரப்புரையால் நேரும் சாவுகளைக் கொலை என்றே கொள்ள வேண்டும் என்று, வணிகப் பெருமக்கள் நிறைந்த அவையில் அவர் கூறினார். குடியேற்றவாத ஆட்சியின் ஊதியம் பெற்ற ஒரு மருத்துவர் இவ்வாறு பேசத் துணிந்தமை வியப்பிற்குரியது.

மூன்றாண்டுகள் கழித்து, காலமே ஒரு கொடிய சோதனையை நடத்திக் காட்டியது. சப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்ததும் சிசிலி வில்லியம்ஸ் சாங்கி முகாமில் சிறைப்பட்டார். அங்கே டின்பால் கிடையாது, உணவும் போதாது. முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன. 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன. 20 குழந்தைகளும் பிழைத்தன. இக்கணக்கைப் பின்னாளில் அவரே எழுதினார். மெலிந்து எலும்பும் தோலுமான தாயர்க்கும் பால் ஊறியது, பிள்ளை அருகிலேயே இருந்தமையால். அதே ஆண்டுகளில் தோட்டப்புறத்துத் தமிழ் மக்கள் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அக்குடும்பங்களின் கைக்குழந்தைகளைப் பற்றி இவ்வாறு எண்ணி எழுதி வைப்பார் எவருமிலர்.

போருக்குப் பின்னர்த் தோட்டங்கள் மாறின. 1954 ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1955 ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தின் வழி 60 நாள் மகப்பேற்று விடுப்பு நிலைபெற்றது. குழாய் நீரும் கழிப்பிடமும் படிப்படியாக லயங்களை எட்டின. நாடு விடுதலை பெற்ற 1957 ஆம் ஆண்டில், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 75 ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. அடுத்த தலைமுறையில் அது பெரிதும் வீழ்ந்தது. ஆனால் அதே காலத்தில் பாலூட்டும் வழக்கமும் வீழ்ந்தது. 1976 ஆம் ஆண்டில் தொடங்கிய மலேசியக் குடும்ப வாழ்வு ஆய்வு, மேற்கு மலேசியாவில் 1,262 பெண்களிடம் அவர்களுடைய பிள்ளைப்பேற்று வரலாற்றைக் கேட்டு எழுதிற்று. மலாய்த் தாயர் நெடுநாள் பாலூட்டினர். சீனரும் இந்தியரும் விரைவில் நிறுத்தினர் என்பது அதனால் தெளிவாயிற்று. அவ்வேடுகளை வைத்து ஹாபிக்ட், தவன்சோ, பட்ஸ் ஆகிய ஆய்வாளர் மூவர் 1988 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை குறிப்பிடத்தக்கது. குழாய் நீரும் கழிப்பிடமும் இல்லாத வீடுகளில்தான் தாய்ப்பால் மிகுதியான உயிர்களைக் காத்தது என்று அவர்கள் கண்டனர். அஃதாவது, வசதியற்ற லயத்தில் புட்டிப்பாலுக்குச் செலுத்திய விலையும், நகரத்து மாடிவீட்டில் செலுத்திய விலையும் ஒன்றல்ல. ஒரே டின், ஒரே பால். சேரும் நீர் வேறு. இன வேற்றுமை என்று புள்ளிவிவரத்தில் தோன்றுவதன் அடியில் குழாய் இருந்ததா, கழிப்பிடம் இருந்ததா என்னும் வேற்றுமை மறைந்து கிடந்தது.

உலகம் இதன்பின் விழித்துக்கொண்ட கதை பலரும் அறிந்தது. 1974 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த சிறு நூலொன்று பால்மாவு விற்பனை முறையை வன்மையாகச் சாடியது. 1977 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புறக்கணிப்பு இயக்கம் தொடங்கியது. 1981 ஆம் ஆண்டு மே மாதம் உலக நலவாழ்வு மன்றம் தாய்ப்பால் மாற்றுப் பொருள்களுக்கான விற்பனை நெறியை ஏற்றபோது எதிர்த்து வாக்களித்த நாடு அமெரிக்கா ஒன்றே. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே, 1979 ஆம் ஆண்டில், மலேசியா தனக்கென ஒரு நெறிமுறையை வகுத்துக்கொண்டது என்பதைப் பலர் அறியார். 1991 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, உலகத் தாய்ப்பால் வாரத்தை ஆண்டுதோறும் நடத்தும் கூட்டமைப்பின் தலைமையகம் பினாங்கில்தான் உள்ளது. டின்பால் நிறுவனம் வந்திறங்கிய அதே பினாங்கு.

குழந்தைச் சாவு குறைந்தபின் இவ்வரலாறு முடிந்துவிட்டது போலத் தோன்றலாம். ஆனால் சர்க்கரை முடியவில்லை. டின்பால் புட்டியிலிருந்து குவளைக்கு மாறியது. கறுப்புத் தேநீரில் இரண்டு கரண்டி டின்பாலும், அதன்மேல் சர்க்கரையும் சேர்த்துப் பருகுவது தோட்டத்தில் காலை உணவின் பெரும்பகுதி. ரொட்டியைத் தோய்த்து உண்டால் அதுவே முழு உணவு. காடுமேடு ஏறி இறங்கி நூற்றுக்கணக்கான மரம் சீவியவர்க்கு அச்சர்க்கரை உழைப்பில் எரிந்து போயிற்று. பின்னர் 1970களிலிருந்து மலாக்காவின் நிலம் வேறு உருக்கொண்டது. பத்து பெரண்டாமில் தடையற்ற வாணிக வட்டாரம் எழுந்து மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. கித்தா சாய்ந்து செம்பனை நிமிர்ந்தது. தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாற, லயத்து மக்கள் நகர்ப்புறத்து மலிவு வீடுகளுக்குப் பெயர்ந்தனர். லயத்தின் பின்னேயிருந்த முருங்கையும் கீரைப்பாத்தியும் கோழிக்கூண்டும் அடுக்குமாடியில் ஏற இயலவில்லை. மரம் சீவியவரின் மகள் தொழிற்சாலையில் சுழல்முறை வேலையில் அமர்ந்தாள். அவள் பிள்ளைக்கும் பகலில் தாயில்லை. சில வாரங்களில் இரவிலும் தாயில்லை. டின்பாலுக்கு மாற்றாகப் பால்மாவு வந்திருந்தது; அவ்வளவே மாற்றம். உழைப்பு குறைந்தது. நாவில் ஊறிய இனிப்பு மட்டும் குறையவில்லை.

தாய்ப்பாலைக் கொடாததே பிள்ளைகள் பருத்தமைக்குக் காரணம் என்று இங்கே ஒரே அடியாக முடிவு கட்டிவிடுதல் எளிது. அவ்வாறு முழங்கும் மேடைப் பேச்சும் உண்டு. உண்மை அவ்வளவு எளிதன்று. தாய்ப்பால் பருகிய பிள்ளைகளிடையே உடற்பருமன் சற்றுக் குறைவு எனப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் பாலூட்டும் தாயர் கல்வியிலும் வசதியிலும் பிறரிடமிருந்து வேறுபடுவதால், குறைவுக்குக் காரணம் பாலா, வீட்டு நிலையா என்று பிரித்தறிதல் கடினம். அதனைப் பிரித்தறிய 1996 ஆம் ஆண்டில் பெலாருஸ் நாட்டில் 17,000க்கும் மேற்பட்ட தாய்-சேய் இணைகளைக் கொண்டு பெரும் ஆய்வொன்று தொடங்கப்பட்டது. சில மருத்துவமனைகளில் பாலூட்டலுக்குச் சிறப்பு ஊக்கம் தந்து, பிறவற்றை இருந்தவாறே விட்டு, பிள்ளைகளைத் தொடர்ந்து கண்காணித்தனர். ஊக்கம் பெற்ற பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது. ஆனால் பதினோரு வயதில் எடை பார்த்தபோது, உடற்பருமனில் இரு சாராரிடையே வேறுபாடு இல்லை. தாய்ப்பாலின் பெருமை இதனால் குன்றிவிடாது. தொற்றுநோயினின்று காப்பதே அதன் தலையாய பணி. உடற்பருமனுக்குத் தனியொரு காரணத்தைத் தேடுவோர் அதனிடம் அளவுக்கு மீறிக் கேட்கின்றனர்.

அப்படியாயின் இந்தியர்க்கு ஏன் இவ்வளவு? இரத்தம் என்னும் விடையில் ஓர் இழை உண்மை உண்டு. அதனை முற்றாக மறுத்தல் நேர்மையாகாது. புனே நகர மருத்துவர் யாஜ்னிக் தம் குழுவினருடன் 1990களில் சிற்றூர்க் குழந்தைகளை அளந்தபோது, அவை பிறக்கும்போது சராசரி 2.7 கிலோ எடையே இருந்தன. இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. தசை மெலிந்திருந்தும் தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்து பிறந்து, கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கும் உடல் பின்னாளில் உணவு பெருகும்போது நீரிழிவுக்கு எளிதில் இலக்காகிறது. ஆனால் தாய் தலைமுறை தலைமுறையாக உண்டது போதாமையும், கருவுற்றும் ஓயாது உழைத்தமையும் அம்மெலிவில் அடங்கியுள்ளன. வரலாறுதான் அங்கே உடலாகியிருக்கிறது. தமிழகத்தில் 2011 ஆம் ஆண்டில் வெளிவந்த நீரிழிவு ஆய்வு இதனினும் தெளிவாகப் பேசுகிறது. நகரத்தில் 13.7 விழுக்காடு, சிற்றூரில் 7.8 விழுக்காடு. இரத்தம் ஒன்றே, வாழும் இடம் வேறு.

மேலும் ‘இந்தியர்’ என்னும் சொல்லே மக்கள்தொகைக் கணக்கின் ஒரு கட்டம். மலாக்கா காஜா பெராங்கில் பல நூற்றாண்டுகளாக வாழும் மலாக்காச் செட்டி மக்கள், மலாய் பேசி, மலாய்ச் சுவையில் சமைத்து, சைவராய் நிற்போர். அவர்களும் அக்கட்டத்தில் அடக்கம். வட்டித்தொழில் செய்த நகரத்தாரும், பஞ்சாபியரும், மலையாளிகளும், புக்கிட் அசகானில் மரம் சீவியவரின் பேரரும் அதிலேயே அடக்கம். இவர்களனைவரின் தொட்டில்களும் ஒன்றாக ஆடியதில்லை. ஒரு கட்டத்து எண்ணைக் கொண்டு இரத்தத்தை அளக்க முற்படுவோர், முதலில் தொட்டில்களை எண்ணிப் பார்த்தல் நன்று.

அண்மைக் காலத்து எண்கள் முற்றும் மனச்சோர்வு தருவன அல்ல. அரசு மருத்துவமனைகள் அனைத்தும் குழந்தை நேய மருத்துவமனைகளாயின என்பதை 1998 ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்றது. சீம்பாலை எறியும் வழக்கத்தை அங்குள்ள தாதியர் படுக்கையருகே நின்று மாற்றினர். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் பருகிய குழந்தைகள் 2006 ஆம் ஆண்டு ஆய்வில் 14.5 விழுக்காடு, 2016 ஆம் ஆண்டு ஆய்வில் 47.1 விழுக்காடு. பத்தாண்டில் மூன்று மடங்குக்கு மேற்பட்ட உயர்வு. தாயரின் இரத்தம் பத்தாண்டில் மாறியிருக்க வழியில்லை. 2019 ஆம் ஆண்டு சூலை முதல் இனிப்புப் பானங்களுக்கு வரியும் விதிக்கப்பட்டது. குவளையில் கலக்கும் டின்பால் அவ்வரியின் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை போலும்; கடைத்தெருத் தேநீரில் இனிப்பு அப்படியே உள்ளது.

1955 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60 நாள் விடுப்பு, 2023 ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து 98 நாளாயிற்று. கூலி வரம்பு பாராமல் ஊழியர் அனைவர்க்கும் அது பொருந்தும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது நலத்துறையின் அறிவுரை. ஆறு மாதம் என்பது ஏறத்தாழ 180 நாள். எஞ்சிய 82 நாளும் பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் செல்பவளுக்குப் பாலைப் பீய்ச்சி வைக்க ஓர் அறையும், அதனைக் காக்கக் குளிர்ப்பெட்டியும், நடுவில் அரைமணி நேரமும் வேண்டும். அவை உள்ள இடத்தில் பிள்ளை தாய்ப்பாலைப் பருகுகிறது. இல்லாத இடத்தில், குடியிருப்பின் கீழ்த்தளத்து வீட்டில் பல பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மூதாட்டி பால்மாவைக் கரைக்கிறாள். அவளையும் பிள்ளைகள் ஆயா என்றே அழைக்கின்றன.